மொட்டைத் தலைக்கு ஏற்ற ஊர்

என் ஆட்டோவில் முன் கண்ணாடிக்கு மேலே ஒரு போட்டோ ஒட்டியிருக்கிறேன். நானும் என் சம்சாரமும். இரண்டு பேருக்கும் மொட்டை. பின்னால் நிறையத் தண்ணீர். திருப்பதி மலை அடிவாரம் அலிபிரிக்குப் போகிற சவாரிகள் அதைப் பார்த்துவிட்டு, "மேல பாபவிநாசம் டேம்ல எடுத்ததா?" என்று கேட்பார்கள். சில பேரிடம் ஆமாம் என்று சொல்லிவிடுவேன். ரோட்டைப் பார்த்து ஓட்ட வேண்டும்.

அது டேம் இல்லை. போர்ச்சுகல் தேசத்தில் லிஸ்பன் என்கிற ஊர். அங்கே ஓடுகிற ஆறு. எங்கள் கல்யாண நாளுக்குப் போனோம். நான் ஐந்தாவது வரை படித்தவன். அந்த ஊரை எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்பதை ஒரு தடவை எழுதி வைக்கிறேன்.

சொந்த ஊர் வடமாலபேட்டைக்கு உள்ளே தள்ளி. வெகு நாளாகத் திருப்பதியில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். ஒரே மகள். நர்சுக்குப் படித்தாள். சித்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தாள். இப்போது ஜெர்மனியில் இருக்கிறாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் என் சம்சாரத்துக்கு மார்பில் கட்டி வந்தது. ஆபரேஷன் ஆயிற்று. அப்புறம் கீமோ. இரண்டாவது ஊசிக்குப் பிறகு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. மிச்சத்தை நானே பிளேடு வைத்து எடுத்தேன்.

ஊரில் எல்லாரும் விசாரிக்க வந்தார்கள். பழம் வாங்கி வந்தார்கள். வந்தவர்கள் முதலில் அவள் தலையைப் பார்ப்பார்கள். அப்புறம் மார்பைப் பார்ப்பார்கள். அப்புறம் என்னைப் பார்ப்பார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனால் அவளுக்கு அது ஆகவில்லை.

"இருக்கும்போதே செத்தவள பாக்கற மாதிரி பாக்கறாங்க மாமா. இதுக்கு அந்த ஊசியே தேவல" என்றாள்.

ஊரை விட்டு வந்து திருப்பதியில் ஒரு ரூம் எடுத்தேன். ஆஸ்பத்திரிக்கும் கிட்ட. முதல் நாள் சேலையை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டு என் ஆட்டோவில் உட்கார்ந்து வந்தாள். பஸ் ஸ்டாண்டு திருப்பத்தில் காற்று அடித்து முக்காடு விழுந்துவிட்டது. பக்கத்தில் ஒரு தெலுங்கு அம்மா உட்கார்ந்திருந்தாள். இவள் தலையைப் பார்த்தாள். சிரித்தாள்.

"தர்சனம் பாகா அயிந்தாம்மா?" என்று கேட்டாள். தரிசனம் நல்லபடியாக ஆயிற்றா என்று.

இவள் கொஞ்சம் முழித்தாள். அப்புறம் "பாகா அயிந்தி" என்றாள். நல்லபடியா ஆச்சு.

எனக்கு முதுகுக்குப் பின்னால் நடக்கிறது, கண்ணாடியில் பார்க்கிறேன். திரும்பவில்லை. அன்றைக்கு அவள் முக்காட்டை விட்டாள். அப்புறம் போடவே இல்லை.

திருப்பதியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மொட்டை. ஆம்பளை, பொம்பளை, கைக்குழந்தை. யாரும் யாரையும் கேட்பதில்லை. கேட்டாலும் "எப்போ மேல போனீங்க?" அவ்வளவுதான். காய்கறிக்காரி மட்டும் ஒரு தடவை வம்புக்கு வந்தாள்.

"மொட்ட போட்டுக்கினு வந்து எத்தினி நாளாவுது, ஒரு லட்டு கண்ல காட்னியாக்கா?"

"வழியிலயே துன்னுட்டேன், போடி" என்றாள் இவள்.

கீமோ முடிகிற வரைக்கும் அப்படியே ஓடியது. டாக்டருக்கு, மகளுக்கு எல்லாம் நன்றி சொன்னோம். இந்த ஊருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சவாரிகளிடம் கொஞ்சம் மரியாதையாகப் பேச ஆரம்பித்தேன்.

கடைசி ஊசி போட்டுக்கொண்டு வந்த அன்றைக்கு, ரூம் வாசலில் நின்று மலையைப் பார்த்துக் கும்பிட்டாள். "தோள் வரைக்கும் வந்தா போதும். வந்தா அத்த உனக்கே குடுத்துடறேன்" என்றாள். எனக்குக் கேட்க வேண்டும் என்று சொல்லவில்லை. கேட்டுவிட்டது.

முடி வந்தது. முதலில் சுருட்டையாக வந்தது. "இது யாரு முடி மாமா, எனக்கு வச்சிட்டாங்க?" என்று கண்ணாடி முன்னால் நின்று சிரிப்பாள். மெதுவாகத் தோளைத் தொட்டது. அம்மா தேறிவிட்டாள் என்று தெரிந்த பிறகுதான் மகள் ஜெர்மனிக்குப் போனாள்.

போன வருஷம் ஒரு நாள் மகள் வீடியோவில் வந்தாள்.

"நைனா, வர்ற தையில உங்களுக்குக் கல்யாணம் ஆயி முப்பது வருசம். இங்க வாங்க. நாலு நாள் எங்கனா கூட்டிக்கினு போறேன்."

"எதுக்கு?"

"எதுக்கா? கல்யாண நாளு நைனா."

"அத்த நாங்க கொண்டாடினதே இல்லியே."

"அதான், எல்லாத்தயும் சேத்து வச்சி ஒரே தடவயா."

அவளே இடம் காட்டினாள். சுவிட்சர்லாந்தில் ஐஸ் மலை. பாரிசில் உயரமான ஒரு கோபுரம். என் சம்சாரம் ஐஸ் மலையைப் பார்த்ததும் போனைக் கிட்ட இழுத்துக்கொண்டாள். ரூம் ஓனர் அம்மாவிடம் போய்க் காட்டிவிட்டு வந்தாள். எனக்கு எந்த ஊராக இருந்தாலும் சரி. முப்பது வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போனது ஆஸ்பத்திரிக்கு, மலைக்கு, சாவு வீட்டுக்கு. ஒரு தடவை சும்மா போக வேண்டும் என்று இருந்தது. அவளோடு.

மறுநாள் என் சம்சாரமே மகளுக்குப் போன் போட்டாள்.

"நான் முடி குடுக்காம எங்கியும் வரமாட்டேன்."

"போயிட்டு வந்து குடுத்துக்கோம்மா. போட்டோல முடியோட அழகா இருப்ப."

"சாமிகிட்ட சொன்னத அப்டியே வச்சிக்கினு, தலைய சீவி சிங்காரிச்சிக்கினு ஊரு சுத்தச் சொல்றியா?"

"அப்போ மூணு கத்திரி குடு. லேடீஸ் எல்லாம் அதான குடுக்கறாங்க." மேலே பெண்கள் நிறையப் பேர் நுனியில் மூன்று தடவை கத்தரித்துக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள். அதுவும் கணக்குத்தான்.

"போறப்போ மூணு கத்திரியா போச்சி? முழுசா போச்சி. வந்ததும் முழுசா வந்துச்சி. நான் மட்டும் நுனியில குடுக்கணுமா?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் என் சம்சாரம் கேட்டாள். "அந்த ஊருங்கள்ல மொட்டத் தலையோட ஒரு பொம்பள போனா பாப்பாங்களா?"

மகளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "இங்க சாமிக்கு மொட்ட போடற வழக்கம் இல்லம்மா."

"அப்போ ஒடம்புக்கு வந்துட்டுதுன்னு நெனப்பாங்க."

"நெனப்பாங்க."

"பாவம்னு பாப்பாங்க."

இவள் எழுந்து உலை வைக்கப் போய்விட்டாள். "பாக்கற ஊருக்கு நான் வரல. நீ வோணா போயிட்டு வா மாமா" என்று அங்கிருந்தே சொன்னாள்.

நான் மட்டும் போய் என்ன செய்வது.

இரண்டு மூன்று நாள் ஆட்டோ ஓட்டிக்கொண்டே யோசித்தேன். எனக்கு வந்தது ஒரே யோசனைதான். சாப்பிடும்போது சொன்னேன்.

"நானும் மொட்ட போட்டுக்கறேன்."

"நீ எதுக்கு? உனுக்கு இன்னா வேண்டுதலு?"

"ரெண்டு மொட்ட சேந்து போனா, கோயிலுக்குப் போயி வந்தவங்கன்னு தெரியும்."

"யாருக்குத் தெரியும்? அங்க இன்னா மல பஸ்ஸு ஓடிக்கினு கீதா?"

சிரித்துவிட்டாள். சோறு புரை ஏறிவிட்டது. தண்ணி கொடுத்தேன். குடித்துவிட்டு, "அவங்கவங்க வேலய பாத்துக்கினு போற ஊரா இருந்தா சொல்லு, பாக்கலாம்" என்றாள்.

மகளிடம் சொன்னேன். ஐஸ் வேண்டாம், மொட்டைத் தலை தாங்காது. ரொம்ப நடக்கக் கூடாது, எனக்கு முட்டி சரியில்லை. பல தேசத்து ஆளுங்க வந்து போகிற ஊராக இருக்க வேண்டும். எங்களைப் பார்ப்பதை விட வேறு பார்க்க நிறைய இருக்க வேண்டும்.

"நல்லா கேட்ட போ நைனா" என்றாள். ஒரு நாள் கழித்துக் கூப்பிட்டாள்.

"லிஸ்பன்னு ஒரு ஊருக்கீது. தை மாசத்துல நம்ம ஊரு மார்கழி மாதிரிதான் இருக்கும். மேடு பள்ளம்தான், ஆனா தெருவுக்குள்ளயே ட்ராம் ஓடும். கடல் மாதிரி ஆறு. படகுல ஒக்காந்துக்கினே போலாம். எல்லா ஊரு ஜனமும் வரும்மா. உன் தலைய பாக்க ஆளே இருக்காது."

"துன்றதுக்கு சோறு கெடைக்குமா?"

"சோறும் மீனும்தான் அங்க."

"அப்போ செரி" என்றாள் என் சம்சாரம்.

இப்படித்தான் அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தோம்.

சென்னைக்குப் போய் விசாவுக்குப் போட்டோ கொடுத்தபோது அவளுக்கு முடி இருந்தது. கிளம்புகிற வாரம் மேலே போனோம். முடி எடுக்கிற மண்டபத்தில் பெண்களுக்குப் பெண்களே எடுக்கிறார்கள். என்னை வேறு வரிசையில் உட்கார வைத்தார்கள். முடித்துவிட்டு வெளியே வந்தேன். அவளும் வந்தாள். தலையில் சந்தனம். முகம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது.

"உனுக்கு மண்ட நல்லா உருண்டயா கீது மாமா. இத்தினி நாளா தெரியல" என்று தடவிப் பார்த்தாள்.

சென்னை ஏர்போர்ட்டில் ஆபீசர் பாஸ்போர்ட்டில் உள்ள படத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பெருமாளா?" என்றார். "ஆமா சார்" என்றேன். முத்திரை குத்திவிட்டார். இறங்கின இடத்து ஆபீசருக்கு அது தெரியாது. மகள் சொல்லிக் கொடுத்த இங்கிலீஷை நான் சொல்வதற்குள் வேர்த்துவிட்டது. விட்டுவிட்டார்.

ஜெர்மனியிலிருந்து வந்து காத்திருந்த மகள், அம்மாவுக்குக் கம்பளிக் குல்லா வாங்கி வைத்திருந்தாள். லிஸ்பனில் அதைப் போட்டுக்கொண்டுதான் சுற்றினாள். முதல் நாள் தூறல். அப்புறம் நல்ல வெயில். சுவரெல்லாம் பூப் போட்ட ஓடு பதித்திருந்தார்கள். ட்ராம் மேட்டில் ஏறும்போது எங்கள் மலைப் பாதை மாதிரி வளைந்து வளைந்து ஏறியது. ஓட்டுகிறவர் பிரேக் பிடிக்கிறதையே நான் பார்த்துக்கொண்டு வந்தேன். நல்ல கை. என் மொட்டையை யாரும் கண்டுகொள்ளவில்லை. அங்கே பாதி ஆம்பளைகளுக்கு அப்படித்தான் இருக்கிறது.

கல்யாண நாள் அன்று படகில் ஏறினோம். அந்த ஊர் ஜனங்கள் வேலைக்குப் போய் வருகிற படகு. ஜன்னல் பக்கம் வெயில். அவளுக்குத் தலை வேர்த்தது. குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

எதிர் சீட்டில் ஓர் அம்மா. எங்கள் வயசுதான் இருக்கும். அவள் பார்த்தாள். பார்வையை எடுக்கவில்லை. இத்தனை தூரம் வந்து இதுவா என்று நினைத்தேன். குல்லாவைப் போட்டுக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்த அம்மா எழுந்து வந்து என் சம்சாரத்தின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவள் இடது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள். மகளைப் பார்த்துத் தெரிந்த இங்கிலீஷில் ஏதோ சொன்னாள்.

மகள் குரல் இறங்கிவிட்டது. "அவங்களுக்கும் வந்துச்சாம்மா. முடியெல்லாம் போச்சாம். இப்போ நல்லா கீறாங்களாம். நீயும் நல்லாயிடுவ, பயப்படாதன்னு சொல்றாங்க." சொல்லிவிட்டு அந்த அம்மா பக்கம் திரும்பினாள். விளக்கப் பார்த்தாள். இது சாமிக்குப் போட்டது, அது எப்போதோ சரியாகிவிட்டது என்று.

"இரு. சொல்லாத" என்றாள் என் சம்சாரம்.

"ஏம்மா? தப்பா நெனச்சிக்கினு கீறாங்க."

"தப்பு இன்னா. நாலு வருசத்துக்கு முன்னாடி யாருனா வந்து சொல்லுவாங்களான்னு இருந்தேன். பாக்கத்தான் வந்தாங்க, யாரும் இத்த சொல்லல. இந்தம்மா இப்போ சொல்லுது. லேட்டானா இன்னா? வாங்கிக்கறேன்."

எனக்கு அது தெரியாது. பார்க்காமல் இருந்தால் போதும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கூடவே இருந்தவன் நானும் அதைச் சொன்னதில்லை. பழம் உரித்துக் கொடுத்திருக்கிறேன். அவ்வளவுதான்.

அந்த அம்மாவைப் பார்த்தேன். அவள் தலையைப் பார்க்கவில்லை, மார்பைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. என் சம்சாரத்தின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் சம்சாரம் அவளுக்குப் பதில் சொன்னாள். "பாகா அயிந்தி" என்றாள். வேற்று ஆள் என்றால் எங்களுக்குத் தெலுங்குதான் வாயில் வருகிறது. அந்த அம்மா எல்லாம் புரிந்த மாதிரி தலையை ஆட்டினாள்.

அப்போதுதான் மகள் இந்தப் போட்டோவை எடுத்தாள். நன்றாகப் பார்த்தால் தெரியும், என் சம்சாரத்தின் இடது கை படத்தில் இருக்காது. ஓரத்துக்கு வெளியே போயிருக்கும். அதை அந்த அம்மா பிடித்திருந்தாள். அக்கரை வருகிற வரைக்கும் விடவில்லை.

படகு நின்றது. அந்த அம்மா இறங்கிக் கூட்டத்தில் போய்விட்டாள். காற்று அடித்தது. என் சம்சாரம் குல்லாவை என்னிடம் கொடுத்தாள்.

"நீ போட்டுக்க மாமா. உனுக்குதான் குளுரும்."

போட்டுக்கொண்டேன். அவள் அப்படியே நடந்தாள்.