சிரித்தால் விழுகிறவள்

சிரித்தால் எனக்கு முழங்கால் விட்டுப் போகும். முதலில் தாடை தொங்கும், அப்புறம் கழுத்து, அப்புறம் கால். அறுத்துப் போட்ட சோளத்தட்டை மாதிரி கிடப்பேன். கண்ணைத் திறக்க முடியாது. காது மட்டும் கேட்கும். கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகும். எழுந்து வேலையைப் பார்ப்பேன். கரிசலில் விழுந்தால் பெரிதாக அடிபடாது. மழைக்காலம் என்றால் சேலை துவைக்கிற வேலை ஒன்று கூடும், அவ்வளவுதான்.

அது போக, பகலில் உறக்கம். ஐந்தாம் வகுப்போடு நின்றதே அதனால்தான். வாத்தியார் பாடத்தை ஆரம்பித்தால் நான் உறங்கிவிடுவேன்.

காக்கா வலிப்பு என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். தின்றேன். உறக்கம் கூடியது, விழுவது குறையவில்லை. அதனால் சிரிக்காமல் இருக்கப் பழகினேன். பேச்சைக் குறைத்தால் சிரிப்பும் குறையும். ஊரில் எனக்கு உம்மணாமூஞ்சி என்று பெயர். பரவாயில்லை.

கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸில் வேலை. கம்பெனியை நாங்கள் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். மருந்து முக்காத குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாக அடுக்க வேண்டும். வலிப்புக்காரி என்று மருந்து முக்குகிற பக்கம் என்னை விடமாட்டார்கள். எனக்கு எதிரே உட்கார்ந்து அடுக்குகிற மதினிக்கு என்னை விழவைப்பதில் தனி ஆசை.

"ஏட்டி, இன்னைக்கு நான் வாயத் தொறக்கவே மாட்டேன், பயப்படாத" என்பாள். அதற்கே எனக்குத் தாடை ஆடும்.

இதெல்லாம் பிள்ளை பிறக்கும்வரை பெரிதாகத் தெரியவில்லை. பெண்பிள்ளை. மூன்றாம் மாதம், கையில் வைத்துக்கொண்டு நின்றபோது ஒரு கொட்டாவி விட்டாள். ராத்திரி ஷிப்ட் முடித்து வந்த ஆள் மாதிரி ஒரு கொட்டாவி. சிரித்துவிட்டேன். பிள்ளையோடு சரிந்தேன். வீட்டில் பருத்தி குவித்திருந்தது. அதன்மேல் விழுந்தோம். பிள்ளை அழக்கூட இல்லை.

மாமியார் வந்து பிள்ளையை எடுத்துக்கொண்டார். திட்டவில்லை. "உக்காந்து எம்புட்டு நேரம்னாலும் வச்சுக்க தாயி. நின்னு தூக்காத" என்றார்.

அதற்கப்புறம் நின்று தூக்கவில்லை. நடக்கப் பழகியதும் பிள்ளை என் காலடிக்கு வந்து இரண்டு கையையும் நீட்டி "தூக்கு" என்பாள். நான் உட்காருவேன். அவளுக்கு அது வேண்டாம். கோழிக்கூட்டுக்கு மேலே என்ன இருக்கிறது என்று அவளுக்குப் பார்க்க வேண்டும். அவளை நின்று தூக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கும் அப்போது வேறு ஆசை இல்லை.

அந்தச் சமயத்தில்தான் டாக்டரம்மா ஆபீஸுக்கு வந்தார். தொண்ணூறுகளின் நடுவில் இருக்கும். ஜீப்பில் வந்தார், கையில் ஒரு கட்டுத் தாள். உறக்கத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். மூளை எப்படி உறங்குகிறது, ஏன் சிலருக்கு அது கெட்டுப் போகிறது என்று பார்ப்பதுதான் படித்து முடித்த நாள் முதல் அவர் வேலை என்றார்.

"அடுத்தவ உறங்குறதப் பாக்குறதுக்குச் சம்பளமும் குடுக்காவளா?" என்று மதினி கேட்டாள்.

"குடுக்கறாங்களே. ஆனா நான் தூங்கக் கூடாது" என்றார் டாக்டரம்மா.

எல்லோரிடமும் எங்கே வேலை என்று கேட்டார். ஆபீஸில் என்றோம். அத்தனை பேருக்கும் 'அலுவலகப் பணி' என்று எழுதிக்கொண்டார். பிறகு தாளைப் பார்த்து முதல் கேள்வியை வாசித்தார். "தாங்கள் பகல் வேளையில் அடக்க இயலாத உறக்கத்துக்கு ஆளாவதுண்டா?"

வரிசைக் கடைசியில் இருந்த பெரியம்மைக்குக் கடைசிச் சொல் மட்டும்தான் காதில் விழுந்தது. எங்கள் பக்கம் ஆளாவது என்றால் பெண்பிள்ளை வயதுக்கு வருவது. சடங்கு வைத்து, தாய்மாமன் சீர் கொண்டு வருவார்.

"என்னது, ஆளாயிட்டனாவா? எம் பேரன் மீச வச்சிட்டான்மா. இப்ப வந்து கேக்குதிய."

"சொல்லிருங்க பெரியம்மை" என்றாள் மதினி. "சீர்தான் போல. ஜீப்பு போட்டுல்லா வந்திருக்காவ."

சிரித்துவிட்டேன். சட்டத்தோடு சாய்ந்தேன். குச்சி எல்லாம் சிதறியது.

பெண்கள் வழக்கமாகச் செய்வதைச் செய்தார்கள். இரும்பைக் கையில் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்பார்கள். சாவிக்கொத்தைக் கையில் வைத்தார்கள். அது தரையில் விழுந்தது. மறுபடி வைத்தார்கள். மறுபடி விழுந்தது. டாக்டரம்மா பக்கத்தில் உட்காருவது சத்தத்தில் தெரிந்தது. என் முழங்காலுக்குக் கீழே தட்டிப் பார்த்தார். காதோரம் வந்து, "வெள்ளாடு, வெங்காயம், விளாத்திகுளம். மறக்காதீங்க" என்றார்.

வாய் வந்ததும் மூன்றையும் சொன்னேன்.

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. காணாமல் போன மாடு தானாக வீடு வந்த மாதிரி இருந்தது. "இது வலிப்பா இருக்காது" என்றார். "பெரிய வலிப்பு வந்தா நினைவு தப்பும், கை இறுக்கும். சாவியைப் பிடுங்கறதுதான் கஷ்டம். இவங்க கையில அது நிக்கவே இல்லையே. புத்தகத்துல படிச்சிருக்கேன், ரெண்டு மூணு பேரைப் பாத்திருக்கேன். கண்ணு முன்னால ஒருத்தர் விழுந்து இப்பதான் பாக்கறேன்."

"சாவி எப்பவும் கீழதாம்மா விழும்" என்றாள் மதினி. "நாங்க சாவி சரியில்லன்னுல்லா நெனச்சோம்."

நான் ஒன்றுதான் கேட்டேன். "சரியானா பிள்ளையத் தூக்கலாமா?"

"தெரியலை. பாப்போம்" என்றார். பொய் சொல்லாதது பிடித்திருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு அறை. தலையில் பசை வைத்து ஒயர் ஒட்டினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டின மாதிரி இருந்தது. காலையிலிருந்து சாயங்காலம்வரை ஐந்து தடவை படுத்து உறங்கச் சொன்னார்கள். உறங்கியதற்கு ஏச்சு வாங்கியே வளர்ந்தவள் நான். படுத்ததும் உறங்கினேன். டாக்டரம்மா மெஷினில் ஓடுகிற தாளைப் பார்த்து "பிரமாதம்" என்றார். வாழ்க்கையில் நான் ஒரு பரீட்சையில் பாஸானது அன்றைக்குத்தான். துணைக்கு வந்த மாமியார் வெளியே பெஞ்சில் என்னைவிட நன்றாக உறங்கினார். "எனக்கும் ஒட்டிப் பாருங்களேன்" என்று டாக்டரம்மாவிடம் கேட்டும் பார்த்தார்.

கனவு காணும்போது உடம்பு எழுந்து ஓடாமல் இருக்க ஒரு தாழ்ப்பாள் விழும், எனக்கு அது சிரித்தால் பகலிலேயே விழுகிறது என்று டாக்டரம்மா சொன்னார். அது எனக்குப் போதும். அங்கிருந்த டாக்டரோடு பேசி வலிப்பு மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தி, வேறு மாத்திரை கொடுத்தார்கள். வாய் காய்ந்தது. தினம் ஒரு நோட்டில் எழுத வேண்டும். ஒரு பக்கம் 'சிரித்தது', ஒரு பக்கம் 'விழுந்தது'.

முதல் வாரம் இரண்டு பக்கமும் வெறுமையாக இருந்தது.

"சிரிக்காம இருந்தா மருந்து வேலை செய்யுதான்னு எப்படித் தெரியும்?" என்றார் டாக்டரம்மா.

மாமியார் அந்த வேலையை ஏற்றுக்கொண்டார். தினமும் சாப்பிட்டு முடித்ததும் என்னைச் சுவரோரம் உட்கார வைத்து, கல்யாண வீட்டில் பந்திக்கு முந்துகிற ஆட்களை ஒவ்வொருவராக நடித்துக் காட்டுவார். முதலில் முழுசாக விழுந்தேன். பிறகு தலை மட்டும் தொங்கியது. பிறகு தாடை மட்டும். "எவ்வளவு நடிச்சாலும் விழ மாட்டேங்கா. எனக்கு மரியாத போச்சு" என்று டாக்டரம்மாவிடம் புகார் சொன்னார்.

டாக்டரம்மாவின் தாளையும் நான்தான் திருத்தினேன். 'உறக்க முடக்கம்' என்று ஒரு கேள்வி இருந்தது. யாருக்கும் விளங்கவில்லை. "உறங்கும்போது கை கால அசைக்க முடியாம நெஞ்சுல ஏறி உக்காருமே, அதானே? அமுக்குவான்னு கேளுங்க. எல்லாருஞ் சொல்லுவாவ" என்றேன். மாற்றினார். அன்றைக்கு எழுதத் தாள் போதவில்லை. மறுநாளிலிருந்து கேள்விகளை வாசிக்கிற வேலை என்னுடையது. ஆபீஸில் லீவு கிடைக்கிற நாளெல்லாம் அவரோடு போனேன். கயத்தாறு, ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் என்று பல வருஷம் அந்த வேலை ஓடியது. ஒரு தடவை வெளிநாட்டுக் கூட்டத்தில் அமுக்குவான் என்று எழுதிக் காட்டினாராம். "வாசிச்சாவளா?" என்றேன். "வாய் சுளுக்கிக்கிட்டாங்க" என்றார்.

சொல்ல வந்தது முதல் வருஷம் கயத்தாற்றில் நடந்தது. அன்றைக்கு மாமியார் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனேன். காலையிலிருந்து நான் கேட்ட கேள்வியெல்லாம் அவள் காதில் விழுந்துகொண்டே இருந்தது. மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் நின்றோம். கோவில்பட்டி பஸ் புறப்பட நேரம் இருந்தது. லாரியும் பஸ்ஸும் திரும்புகிற இடம். கீழே சகதி. பிள்ளை காலடிக்கு வந்து கையை நீட்டினாள்.

"தூக்கு."

உட்கார இடமில்லை. டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவர் தாளைப் பைக்குள் வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார்.

தூக்கினேன். கனமாக இருந்தாள். நான் பாராமல் வளர்ந்துவிட்ட கனம். அவள் தலை பஸ் டிரைவர் ஜன்னலுக்குப் பக்கத்தில் போனது. டிரைவரைப் பார்த்து, "மாமா, பகல்ல ஒறக்கம் வருதா?" என்றாள்.

"வந்தா நாம கம்மாய்க்குள்ளல்லா போயி நிப்போம் தாயி."

"அமுக்குவான் வருதானா?"

"அவனா? வந்தா முழு டிக்கெட்டு" என்றார் டிரைவர்.

சிரிப்பு வந்தது. அடக்க நேரமில்லை. தாடை ஆடியது. முழங்கால் ஒரு தரம் வெட்டியது. டாக்டரம்மா இரண்டு கையையும் எனக்கு நேராக நீட்டிவிட்டார். கால் நின்றது. பிள்ளை இடுப்பில் இருந்தாள். நம்பாமல் இன்னொரு தரம் சிரித்துப் பார்த்தேன். நின்றது.

"நிக்குதும்மா" என்றேன்.

டாக்டரம்மா நீட்டிய கையை மடக்கிக்கொண்டு பையில் துழாவினார். மூக்கை உறிஞ்சினார். என் சிரிப்பு நோட்டையும் பேனாவையும் எடுத்து நீட்டினார்.

"பிறகு எழுதுதேன்" என்றேன். "கையில பிள்ள இருக்கு."