ஐந்து ரெஃப்ரெஷும் அரை மீசையும்

மடிக்கணினி விழித்ததும் சுகதன் வேறெதையும் தொட மாட்டார். திரையில் காலியாக இருக்கும் ஓர் இடத்துக்கு மவுஸை நகர்த்தி, வலது பொத்தானை அழுத்தி, வருகிற பட்டியலில் ‘ரெஃப்ரெஷ்’ என்பதைத் தட்டுவார். ஒரு தடவை அல்ல, ஐந்து தடவை. ஐகான்கள் ஐந்து முறை கண் சிமிட்டிய பிறகுதான் கண்ணாடியை மூக்கில் ஏற்றுவார். எதற்கு இது என்று கேட்டால், “அதுவும் தூங்கி எழுந்திருக்கு, முகம் கழுவ வேண்டாமா?” என்பார்.

கேரளத்து வடகரையில் சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீசுக்கு எதிரே, மாடி வராந்தாவில் இருபத்திரண்டு வருடமாகப் பத்திரம் எழுதுகிறார். அவர் எழுதிய பத்திரத்தில் ஓர் எல்லைக்கல்கூட இடம் மாறியதில்லை என்பது அவருடைய ஒரு பெருமை. இன்னொன்று மீசை. பத்தொன்பது வயதில் வைத்தது. இக்கட்டான வாக்கியம் வந்தால் வலது முனையை முறுக்குவார். வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டால் இடது முனைக்கு அந்த மரியாதை கிடைக்கும். “மீசை இல்லாம போய் நின்னா எங்கம்மாவே, யாரைப் பாக்கணும்னு கேப்பாங்க” என்பது அவரே சொல்லிச் சிரிக்கும் விஷயம்.

இந்த வருடம் மழை பிடித்தபோது அவருடைய மடிக்கணினிக்கு வயதாகிவிட்டது. பொத்தானை அழுத்திவிட்டுக் கீழே நாணுவின் கடையில் சாயா குடித்துவிட்டு வந்தால், அப்போதுதான் மெல்ல எழுந்து உட்கார்ந்திருக்கும். புதிய விண்டோஸ் இதில் ஏறாது என்று பழுது பார்ப்பவர் கைவிரித்தார். சுகதனின் மனைவி பத்மஜா உயர்நிலைப் பள்ளி டீச்சர். பள்ளிக்கூடத்தில் அவர் வருடக்கணக்காக லினக்ஸில்தான் பாடம் நடத்துகிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தி கழுவிய கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பழையதை வழித்தெடுத்துவிட்டு லினக்ஸை ஏற்றிக் கொடுத்தார்.

“அஞ்சாம் கிளாஸ் பிள்ளைங்க ஓட்டுது ஏட்டா. உங்களுக்கு என்ன?”

மறுநாள் காலை சுகதன் வலது பொத்தானை அழுத்தினார். பட்டியல் வந்தது. அதில் ரெஃப்ரெஷ் இல்லை. மேலிருந்து கீழாக ஒரு முறை, கீழிருந்து மேலாக ஒரு முறை படித்தார். பள்ளிக்கூடத்துக்கு போன் போட்டார்.

“பத்மே, ரெஃப்ரெஷைக் காணோம்.”

“அது இதுல தேவையில்ல ஏட்டா.”

“தேவையில்லைன்னு யாரு முடிவு பண்ணினது?”

“மணி அடிச்சாச்சு, நான் கிளாசுக்குப் போறேன்” என்று பத்மஜா வைத்துவிட்டார்.

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் பவித்ரன் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவரும் பத்திர எழுத்தர். இருவரும் ஒரே பள்ளியில் படித்து, ஒரே வராந்தாவில் கடை போட்டு, ஒருவர் கட்சிக்காரரை மற்றவர் இழுத்து, தினமும் பதினொரு மணிக்கு ஒரே பெஞ்சில் சாயா குடிப்பவர்கள். மத்தியானத்துக்குள் வராந்தா முழுக்கச் செய்தி பரவிவிட்டது. தோப்பு வாங்கவிருந்த அஹமது ஹாஜி வந்து வாசலிலேயே நின்றார்.

“சுகதா, இந்தப் புது மெஷின்ல எழுதினா பத்திரம் செல்லுமா?”

ஹாஜியின் செருப்புச் சத்தம் பவித்ரன் அறையின் பக்கமிருந்து வந்ததைச் சுகதன் கவனித்திருந்தார். கோபம் தலைக்கேறியது. ஹாஜியையும் இழுத்துக்கொண்டு நேராக நாணுவின் கடைக்குப் போனார். பவித்ரன் அங்கே பழம்பொரி தின்றுகொண்டிருந்தார்.

“எடோ, இந்தக் கூத்து ஒரு மாசம் தாண்டுமா?” என்றார் பவித்ரன்.

“தாண்டும்.”

“பாதி மீசை வைக்கிறியா?”

பாதி மீசை என்பது அந்த ஊரில் தேர்தலுக்கு மட்டும் வைக்கிற பந்தயம். ஒரு கம்ப்யூட்டருக்காக யாரும் வைத்ததில்லை. ஹாஜி பார்த்துக்கொண்டிருந்தார். சுகதனால் பின்வாங்க முடியவில்லை.

“வைக்கிறேன். நீ தோத்தா உன்னோடது போகும்.”

நடுவராக நாணு விதி சொன்னார். முப்பது நாள். கடைசி நாள் ஐந்து மணி வரை சுகதன் விண்டோஸைத் தொடக்கூடாது, தன் கணினியில் மட்டுமல்ல, யாருடையதிலும். தோற்றவர் ஒரு பக்க மீசையை மழித்துவிட்டு, மீதிப் பாதியோடு மூன்று நாள் ஆபீஸ் படி ஏற வேண்டும்.

முதல் வாரம் சுகதன் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்தார். கேட்டவர்களிடம் சாரல் அடிக்கிறது என்றார். பள்ளி இடைவேளை மணி எப்போதெல்லாம் அடிக்கும் என்பது பத்மஜாவைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. இத்தனை வருடம் தட்டிக் கொட்டிக் கெஞ்சினால்தான் வேலை செய்யும் பிரிண்டர், லினக்ஸில் சொன்ன மாத்திரத்தில் அச்சடித்துத் தள்ளியது. சுகதனுக்கு அதில் சந்தோஷத்தைவிட வருத்தம்தான் அதிகம்.

மூன்றாவது வாரம் கதவு திறந்தது. ஹாஜியின் பத்திரம் ஒரு எழுத்துக்கூடத் திருத்தாமல் பதிவானது. ஹாஜியே அதை வராந்தாவில் நாலு பேரிடம் சொன்னார். மடிக்கணினி இப்போது சாயா ஆறுவதற்குள் எழுந்துவிடுகிறது. “வைரஸா? அதெல்லாம் அடுத்த ரூம்ல” என்று சுகதன் சுவர் கேட்கும்படி சொல்ல ஆரம்பித்தார். மனுஷன் முழுதாக மாறிவிட்டார், வலது கை மட்டும் மாறவில்லை. தினமும் காலையில் அது காலியான இடத்தைத் தேடிப் போய் பட்டியலைத் திறந்து, ஏமாந்து, மூடும்.

முப்பதாம் நாள் நாலரை மணிக்குச் சுகதன் மீசையைச் சீவிக்கொண்டு பவித்ரன் அறைக்குப் போய் நாற்காலியில் அமர்ந்தார். ஐந்து மணியை எதிரியின் வீட்டிலேயே வரவேற்க வேண்டுமென்று ஆசை. பவித்ரன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நாணுவிடம் சாயாவும் பழம்பொரியும் சொல்லி அனுப்பினார்.

“ஜெயிச்சுட்ட சுகதா. கடைசியா மீசையோட ஒரு தடவை முகம் கழுவிட்டு வந்துடறேன்” என்று எழுந்து போனார். போகும்போது மடிக்கணினியைச் சுகதன் பக்கம் லேசாகத் திருப்பி வைத்தது தற்செயல் என்றே இன்றுவரை சொல்கிறார்.

விண்டோஸ் திரையில் சாமியாடும் ஒரு தெய்யத்தின் படம். அதன் முகத்தில் கன்னாபின்னாவென்று ஐகான்கள். சுகதன் மனசு ஹாஜியின் அடுத்த தோப்பில் இருந்தது. கை மவுஸில் இருந்தது. வலது பொத்தான். ரெஃப்ரெஷ். ஐகான்கள் ஐந்து முறை கண் சிமிட்டின. முப்பது நாளாக நெஞ்சில் எங்கோ சிக்கியிருந்த ஒன்று இறங்கிப் போனது போல அவருக்குச் சுகமாக இருந்தது.

வாசலில் சாயாத் தட்டோடு நாணு நின்றுகொண்டிருந்தார்.

“சுகதேட்டா,” என்றார், அப்புறம் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்துக்கு இன்னும் பதினொரு நிமிடம்.

சுகதன் மறுக்கவில்லை. சலூன்காரர் எந்தப் பக்கம் என்று கேட்டபோது, “வலது பக்கம். அந்தக் கைதான் பண்ணிச்சு” என்றார். வீட்டுக் கதவைத் திறந்த பத்மஜா சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டார். சிரித்து முடித்ததும் அவருக்குக் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

“பந்தயம்தான் முடிஞ்சு போச்சே ஏட்டா. பழசையே போட்டுத் தரட்டுமா?”

“அரை மீசை குடுத்து வாங்கினது. விட முடியுமா?”

மறுநாள் காலை சப் ரிஜிஸ்ட்ரார் அவர் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தையே பார்த்துப் பேசினார். சுகதன் அறைக்கு வந்து மடிக்கணினியைத் திறந்தார். வலது பொத்தானை அழுத்தினார், பட்டியலைப் பார்த்தார், மூடினார். பிறகு ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தை எடுத்து அடிக்கத் தொடங்கினார். கிணற்றின் உரிமை வருகிற வாக்கியம் இடறியது. கை தானாக எழுந்து மேலுதட்டின் வலது பக்கம் போயிற்று. அங்கே இல்லாததை ஐந்து தடவை முறுக்கிவிட்டு இறங்கிற்று.