லீவு நாளில் ஊற்றிய மூன்றாம் தண்ணீர்

திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து பெங்களூர்த் தண்டுக்கு, அதாவது பட்டாளத்துக் கண்டோன்மெண்டுக்கு, நான் பிழைக்க வந்த முதல் வருஷம் அது. ஒரு நாள் காலையில் எங்கள் லைன் வீடுகளுக்கு முன்னால் ஒரு கன்றுக்குட்டியைக் கயிற்றில் பிடித்து வந்தார்கள். அதன் வயிற்றில் ரோமத்தைச் சிரைத்துப் புண்ணாக்கியிருந்தார்கள். டவாலி போட்ட சேவகன் பட்டியலைப் பார்த்துப் பெயர் சொல்லக் கூப்பிட, தாய்மார்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அம்மை குத்துகிறவர் அந்தப் புண்ணிலிருந்து கத்தி நுனியால் பாலை எடுத்துப் பிள்ளைகளின் கையில் கீறினார். கன்றும் கத்தியது, பிள்ளைகளும் கத்தின. ஊரில் அந்த நோயின் பெயரையே வாயால் சொல்ல மாட்டோம். 'அம்மா விளையாடுறா' என்போம், அதையும் மெதுவாகத்தான் சொல்வோம். இங்கே அவளைக் கத்தி முனையில் எடுத்து, பட்டியலில் டிக் போட்டுக்கொண்டு போகிறார்களே என்று அன்று முழுவதும் சோறு இறங்கவில்லை.

அடுத்த வருஷம் என் மகள் அஞ்சலையின் பெயரும் பட்டியலில் வந்துவிட்டது. அப்போது அவளுக்கு இரண்டு வயது. குத்தாவிட்டால் கேஸ் என்றார்கள். குத்திக்கொண்டோம். சேவகன் அந்தப் பக்கம் திரும்பியதும் நான்தான் என் மனைவி பச்சையம்மாளிடம் குத்திய பால் பிடிக்காதபடி எலுமிச்சம்பழத்தை நறுக்கிக் கொடுத்து, "நல்லா தேய்ச்சிக் கழுவிடு" என்றேன். அவள் கழுவினாள். எட்டாம் நாள் தழும்பு பார்க்க வந்தவரிடம், பிள்ளை ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னேன். அவர் வெயிலில் வந்த களைப்பில் அதற்கு மேல் கேட்கவில்லை. குத்தியாயிற்று என்று ஒரு தாளில் கிறுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அதை அம்மன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன். பக்தியால் செய்தேன் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

அஞ்சலைக்கு நாலு வயதாகும்போது, பங்குனி வெயிலில், அவள் உடம்பில் முத்து போட்டது. ஊரிலானால் அந்த நிமிஷமே வாசலில் வேப்பிலை செருகுவோம். அதைப் பார்த்த பிறத்தியார் படி ஏற மாட்டார்கள். இங்கே வேப்பிலை கண்ணில் பட்டால் சர்க்கார் ஆட்கள் வந்து பிள்ளையை ஊருக்கு வெளியே தொத்துவியாதிக் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். அதற்குப் பயந்து வேப்பிலையைக் கதவுக்கு உள்பக்கம் செருகினேன். அச்சாபீசில் பைண்டிங் வேலை எனக்கு. அங்கேயும் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. பகலெல்லாம் புஸ்தகம் தைப்பேன், சாயந்திரம் வந்து மகளுக்கு விசிறுவேன்.

அம்மன் கண் திறந்தாள். பிள்ளை பிழைத்தது. தலைக்கு முதல் தண்ணீர், இரண்டாம் தண்ணீர் ஊற்றினோம். மூன்றாம் தண்ணீர் ஊற்றினால்தான் பிள்ளை வெளியே வரலாம், அந்த நாளை ஊரில் பூசாரிதான் சொல்வார். பிள்ளையை வெளிச்சத்தில் நிறுத்தி, முதுகைத் தடவி, பொருக்கு எல்லாம் உதிர்ந்ததா என்று பார்த்துத்தான் நாள் குறிப்பார். இங்கே எனக்குப் பூசாரி ஏது? கிறிஸ்தவர்களின் ஈஸ்டர் பண்டிகைக்கு ஆபீஸ் மூடினார்கள். அதை விட்டால் இரண்டு மாசத்துக்கு லீவு கிடையாது. அந்த ஞாயிற்றுக்கிழமையே மூன்றாம் தண்ணீர் என்று நானே குறித்தேன். பிள்ளையின் காதோரத்திலும் உள்ளங்கையிலும் பொருக்கு இருந்தது. பச்சையம்மாள் காட்டினாள். "மஞ்சளைப் பூசு, தெரியாது" என்றேன்.

மடிப்பிச்சை எடுத்து மாவிளக்கு போடுவதாக வேண்டுதல். மஞ்சள் துணி கட்டிய பிள்ளையோடு தாய் ஏழு வீட்டு வாசலில் நின்று அரிசி வாங்க வேண்டும். முதல் வீடே பக்கத்து வீடு, டோங்கா ஓட்டும் சிக்கண்ணாவின் வீடு. அவர்கள் கன்னடக்காரர்கள். அவர் மனைவி நஞ்சம்மா இடுப்பில் கைக்குழந்தையோடு முறத்தில் அரிசி கொண்டுவந்தாள். "அய்யோ, அம்மா பந்து ஹோதளா? நமகே கொத்தே ஆகலில்ல நோடி!" என்றாள். அம்மா வந்து போனதா, எங்களுக்குத் தெரியவே இல்லையே என்கிறாள். குறையாகச் சொல்லவில்லை, சந்தோஷமாகத்தான் சொன்னாள். அவர்களுக்கும் மாரம்மா தெய்வம்தான். அரிசியை மடியில் போட்டுவிட்டு, அஞ்சலையின் கையை எடுத்துத் தன் கண்ணிலும், பிறகு அந்தக் குழந்தையின் நெற்றியிலும் ஒற்றிக்கொண்டாள். அம்மன் இறங்கிய உடம்பல்லவா! நான் எங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டாம் தாயே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு நாள் கழித்து அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. முத்து வெளியே வரும் முன்னாலே உள்ளுக்குள் கறுத்து, மூன்றாம் நாள் போய்விட்டது.

சிக்கண்ணா குழந்தையைப் புதைத்துவிட்டு வந்து என் வாசலில் நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். "நிம்ம அம்மா நம்ம மனேலி ஊட்டா மாடி ஹோதளு" என்றார். உங்கள் அம்மா எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனாள் என்று பொருள். அதைச் சொல்லிவிட்டு நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தார். அன்று முதல் குழாயடியில் பச்சையம்மாள் குடத்தோடு போனால், "வாங்கம்மா வாங்க, இன்னைக்கு எந்த வீட்டுல பிச்சை?" என்று நம் தமிழ்ப் பெண்களே சிரித்தார்கள்.

சிறையென்று வந்தால் எனக்குத்தான். வேலை போகும், அவளும் பிள்ளையும் தெருவில் நிற்பார்கள். ஊரில் இப்படி ஒரு கேஸ் உண்டா என்று யோசித்துப் பார்க்கிறேன். அங்கே ஒரே மாசத்தில் பதினோரு பிள்ளைகள் போன வருஷம் உண்டு. யார் வீட்டிலிருந்து யார் வீட்டுக்கு வந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. எடுத்தவள் அம்மன், அவ்வளவுதான். இந்தச் சீமையில்தான் முதல் முதலாக ஒரு மனிதன், "கொடுத்தது யார்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டான்.

வக்கீல், குத்தியாயிற்று என்ற அந்தத் தாளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "இனிமே தாளு பேசிக்கும். நீர் வாயைத் திறந்தீர், உள்ளே போவீர்" என்றார். கோர்ட்டில் துரை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தகப்பன் சட்டப்படி குத்தியிருக்கிறான், அதற்கு மேலும் வந்த நோய்க்கு அவன் என்ன செய்வான் என்றார். நோயைத் தெரிவிக்காததற்கு என்னை எச்சரித்தார். அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் நஞ்சம்மாவின் பக்கம் திரும்பி, உன் குழந்தைக்குக் குத்தினாயா என்று கேட்டார். துபாஷி அதைக் கன்னடத்தில் கேட்டான்.

"இன்னூ இல்லா சாமி. மூறு திங்கள கூசு. ஆறு திங்களாகலி அந்தரு" என்றாள்.

மூன்று மாசக் குழந்தை. ஆறு மாசமாகட்டும் என்று குத்துகிறவர்களே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். துபாஷிக்குப் பசி நேரம். "இல்லையாம்" என்று மட்டும் துரையிடம் சொன்னான். துரை பேனாவைக் கீழே வைத்தார். சட்டத்தை மீறியது நீங்கள், நோயுள்ள பிள்ளையைத் தொட்டதும் நீ, பிறத்தியான்மேல் கேஸ் போட வந்தாயா என்று கடிந்துகொண்டார். துபாஷி இதை மட்டும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தான்.

அந்த அறையில் கன்னடமும், அச்சாபீசில் காதில் விழுந்த அளவு இங்கிலீஷும் தெரிந்து, நடந்ததும் முழுக்கத் தெரிந்தவன் நான் ஒருவன். நஞ்சம்மா என்னைத்தான் பார்த்தாள். கோபமில்லை அந்தப் பார்வையில். சொல்லுங்கள் என்று கண்ணால் கேட்டாள். நான் வக்கீலின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்ததும் பச்சையம்மாள், "ஏங்க, அந்தத் தாளு பொய்தானே?" என்றாள்.

"யாருக்குத் தெரியும்?"

"எலுமிச்சம்பழம் தேய்ச்ச கைக்குத் தெரியாதா?"

நடுத்தெருவில் அவளை ஓர் அறை அறைந்தேன். கல்யாணமான நாளிலிருந்து அன்றைக்கு ஒரு தரம்தான்.

ஆடி மாசம் ஊருக்குப் போய் அம்மன் சந்நிதியில் விழுந்து பூசாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் விபூதி பூசி, "அவ எடுத்தா நீ என்னடா பண்ணுவே? எழுந்து போய்க் கூழு குடி" என்றார். தண்டில் தாள் என்னை விட்டது. ஊரில் தெய்வத்தின் பெயரால் விட்டார்கள். இருந்த நிலத்தை வைத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிடு என்று பங்காளிகள் சொன்னார்கள். இருக்க முடியவில்லை. நான் யார் என்று தெரிந்த நஞ்சம்மா இங்கே பெங்களூரில் இருக்கிறாள். அவள் இருக்கிற இடம்தான் என் இடம் என்று ரயிலேறி வந்துவிட்டேன். இதை வாசிக்கிறவர்களில் பிள்ளையின் கையைக் கழுவலாமென்று நினைக்கிறவர் இருந்தால், கும்பிட்டுக் கேட்கிறேன், கழுவாதீர்கள். அம்மன் கேட்காத பக்தி அது.

சிக்கண்ணா காலமாகிவிட்டார். நஞ்சம்மாவுக்கு அதன் பிறகு பிள்ளை இல்லை. இத்தனை வருஷத்தில் அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. அஞ்சலை ஆறு மாசம் முன்னால் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். எங்கள் லைன் வீடுகளுக்கு இடையில் சுவர் முக்கால் உயரம்தான். அதன் மேலே ஒரே உத்தரம் இரண்டு வீட்டுக்கும் ஓடுகிறது. இங்கே தூளி கட்டி ஆட்டினால் அங்கே அவள் தலைக்கு மேல் மரம் முனகும். பச்சையம்மாள் தூளிக்கென்று முன்கூட்டியே புடவையை எடுத்துக்கொண்டு நின்றபோது நான் கட்டவிடவில்லை. ஏழாம் மாசத்திலேயே இருவரையும் ஊருக்கு ரயிலேற்றினேன். அங்கே எங்களுக்கென்று வீடுகூட இல்லை. பங்காளி வீட்டுப் பின்கட்டில் இருக்கிறார்கள்.

பேரன் பிறந்து மூன்று மாசம். வயது வந்ததும் குத்தி, தழும்பு விழுந்ததா என்று எழுதச் சொல்லியிருக்கிறேன். நேற்று பச்சையம்மாள் யாரையோ கொண்டு கடிதம் எழுதியிருந்தாள்: 'பிள்ளை தூளியில் நன்றாக ஆடுகிறான். உங்களுக்கு எப்போது வர உத்தேசம்?' அதைப் படித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். என் பேரன் அங்கே யாருடைய உத்தரத்திலோ ஆடுகிறான். இங்கே இந்த உத்தரம் அசையவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நஞ்சம்மா இருமுகிறாள்.