மணல் மேட்டில் ஸ்டெல்லா

தொண்ணூறுகளில் துபாயில் நர்ஸாக இருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை தோழிகளோடு பாலைவனத்துக்குப் போய், மணல் மேட்டில் பலகை வைத்துச் சறுக்கினோம். நான் உருண்டு விழுந்தேன். என் ஊர்க்காரி ஸ்டெல்லாவோ நின்றபடியே சறுக்கி இறங்கினாள், எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. மேட்டின் அடியில், சறுக்கும் வழியிலேயே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

“ஏட்டி, வழியில இருக்காத! ஓரமா மாறு!” என்று ஸ்டெல்லா கத்தினாள்.

“நீ ஒண்ணும் எனக்குச் சொல்லித் தரவேண்டாம்” என்றேன்.

அதற்குள் மேலிருந்து ஒருத்தி நிறுத்தத் தெரியாமல் வேகமாக வந்தாள். ஸ்டெல்லா ஓடி வந்து என்னைத் தள்ளிவிட்டாள். பலகை மோதி அவள் கை எலும்பு முறிந்தது.

கட்டுப் போட்ட கையோடு ரூமில் இருந்தவளைப் பார்க்க தினமும் அத்தனை பேர் வந்தார்கள். அப்போதும் எனக்குப் பொறாமைதான். ஆனால் அவளுக்குத் தலை பின்னிவிட மட்டும் வேறு யாரையும் நான் விடவில்லை.