கவ்வாத்து மலையில் ஐந்து மான்கள்

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் காவல் பார்த்த வாச்சரின் பெயரை நான் கேட்டதே இல்லை. குட்டையான மனிதர், மழையோ வெயிலோ, தோளில் ஓர் உரச்சாக்கு. கைத்தடியில் சுருக்குக் கம்பிகளைச் சுற்றி வைத்திருப்பார். வருஷப் பிறப்புக்கு முந்திய வாரங்களில் மான் பிடிக்க யாராவது களவாகக் கட்டுவதும், இவர் விடியற்காலையில் போய் அவிழ்ப்பதும் அங்கே வழக்கம்.

ஒரு வருஷம் அந்த வேட்டைக் காலம் முடிந்த பிறகு, நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் ஐந்து மான்களைப் பார்த்தேன். தேயிலையை முழங்காலளவுக்கு வெட்டிக் கவ்வாத்து பண்ணியிருந்த மலை அது. அதுவரை அங்கே ஒன்றைக்கூடக் கண்டதில்லை.

“மான் கூடிருச்சு போல” என்றேன் வாச்சரிடம்.

“கூடலைங்க சேர். மறைஞ்சு நிக்க எடமில்லாம வெளிய தெரியுது. போன வருசம் ஏழு நின்னுச்சு. ரெண்டு எடத்துல கம்பி கட்டியிருந்தத நான் கவனிக்காம விட்டுட்டேன்.” தடியை ஒருமுறை தடவிக்கொண்டார். “வர்ற வருசம் ஏழாயிரும். ரெண்டு சினையா இருக்கு. யாரு கேட்டாலும் மானே இல்லன்னு சொல்லிருங்க.”

மறு வருஷம் தேயிலை மறுபடி அடர்ந்துவிட்டது. தேநீர்க் கடையில், வேட்டை நாய் வளர்க்கும் ஒருவர் என்னிடம் கேட்டார்: “தெனமும் அந்த வழியாத்தானே போறீங்க சேர், மான் ஏதும் நிக்கிதா?”

“ஒண்ணுகூட இல்ல.”

வகுப்பில்கூட நான் அவ்வளவு உறுதியாகப் பேசியதில்லை.

மூலையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த வாச்சர் தலை நிமிரவில்லை. வெளியே போகும்போது மட்டும், பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் காதருகே குனிந்தார்.

“எட்டு, சேர்.”