ஆறாவது வரி

அந்தக் காகிதத்தில் ஆறாவது வரியின் மேல் ஓர் எண்ணெய்க் கறை இருந்தது. அண்ணனின் விரல் பட்ட இடம். கொச்சித் துறைமுகத்தில் ஃபிட்டராக இருந்த அண்ணன், எஞ்சின் பழுதாகி வந்து நின்ற ஒரு வெளிநாட்டுக் கப்பலைச் சரிசெய்து கொடுத்தார். தென்துருவத்துக்கு ஆராய்ச்சியாளர்களை ஏற்றிப்போகும் கப்பல். அவருடைய வேலையைப் பார்த்து, கூடவே வருகிறாயா என்று கேட்டுவிட்டார்கள். கல்யாணமாகாதவர் என்பதால் அப்பா சம்மதக் காகிதத்தில் கைநாட்டு வைக்க வேண்டும். காகிதம் இங்கிலீஷில் இருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவள் நான் ஒருத்திதான்.

“இந்த ஒரு வரிய மட்டும் உட்டுப்போட்டுப் படிச்சுரு அம்மணி,” என்று அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். அதில் என்ன இருக்கிறது என்று கப்பல் அதிகாரி அவருக்கு விளக்கியிருந்தார்.

காங்கேயத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் எல்லாரும் உட்கார்ந்தோம். தன் மகளை அண்ணனுக்குக் கட்டிவைக்க நினைத்திருந்த மாமாவும் வந்திருந்தார். “ஐஸ் பாக்கோணும்னா பொள்ளாச்சிச் சந்தைல சோடாக்கடைக்குப் போலாமே மாப்ள. அதுக்கு எதுக்குக் கப்பலு?” என்றார். நான் ஐந்து வரிகளைத் தமிழில் சொன்னேன். ஆறாவதில் நின்றேன். அண்ணன் என்னையே பார்த்தார். வயசுக்கு வந்த பெண்ணை பஸ் ஏற்றிப் படிக்க அனுப்புகிறானே என்று ஊர் பேசியபோது, அப்பா ஒருவருக்கும் பதில் சொல்லாமல் என்னை பஸ் ஏற்றிவிட்டவர். அவருக்குப் பாதி படித்துக்காட்டவா நான் படித்தேன்?

“அங்க உசுரு போச்சுன்னா ஒடம்ப ஊட்டுக்கு அனுப்ப மாட்டாங்களாமுங்கப்பா. பனிக்குள்ளயே பொதைச்சுருவாங்களாமுங்க.”

“பொட்டப்புள்ளயப் படிக்க வெச்சா இப்படித்தான். அண்ணன் வாயில மண்ணப் போட்டுப்போட்டா பாருங்க மச்சான்,” என்றார் மாமா.

அப்பா அண்ணனைப் பார்த்தார். “இது தெரிஞ்சுமா போறேங்கற?”

“ஆமாங்கப்பா. நான் சரிபண்ணுன எஞ்சினுங்க. பாதிக் கடல்ல நின்னா வேற ஆருக்கும் புடிபடாதுங்க.”

அப்பா கட்டைவிரலை நீட்டினார். “மையக் கொண்டா அம்மணி.”

போத்தனூரில் ரயிலேறி அப்பாவும் நானும் கொச்சிக்குப் போனோம். அந்த வெயிலில் அண்ணன் முழங்கால் வரை தொங்கும் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார், எங்களுக்குக் காட்டுவதற்காகவே. வேர்வை வழிந்தது. “ஒரு வரிதான? உட்டிருக்கலாமில்ல கண்ணு?” என்றார். “உட்டிருந்தா அப்பாவ ஏமாத்திப்போட்டுத்தானுங்கண்ணா போயிருப்பீங்க,” என்றேன். அவர் சிரித்தார். கப்பல் கரையை விட்டு விலகியது. பக்கத்தில் நின்றவர்கள் அழுதார்கள். நான் அழவில்லை.

காகிதத்தைப் படித்துக்காட்டிக் கைநாட்டு வாங்கி, தங்கச்சியே அண்ணனைப் பனிக்கு அனுப்பிவிட்டாள் என்று இன்றைக்கும் சொந்தத்தில் பேச்சு. ஆமாம், அனுப்பினேன் என்றுதான் சொல்கிறேன். போன மாதம் அண்ணனின் கடிதம் வந்தது. கூட வேலை பார்த்த ஒருவர் பனிப்பிளவில் விழுந்து இறந்துவிட்டார், அங்கேயே புதைத்தோம் என்று அண்ணன் வேறொருவரைக் கொண்டு எழுதியிருந்தார். அதையும் விடாமல் அப்பாவுக்குப் படித்தேன்.

“இதெல்லாமா பெத்தவங்கிட்டப் படிச்சுக் காட்டறது?” என்று மாமா சீறினார்.

“அத அவ உட்டுட்டா, அவன் நல்லாருக்கான்னு படிக்கறத நான் எப்படி நம்பறது?” என்றார் அப்பா. பிறகு என் பக்கம் திரும்பினார். “நீ மேல படி அம்மணி.”