செவுளில் ஒட்டிய நீலம்

வெண்ணந்தூர்ப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்குகிறவர்களுக்குக் கமலவேணியின் வெள்ளைத் துணியைத் தெரியும். பதினைந்து வருடம் சாயப்பட்டறையில் நூல் நனைத்தவள். சாயம் நின்றிருக்கிறதா என்று பார்க்க, ஈர வெள்ளைத் துணியால் நூலைத் தேய்ப்பது பட்டறை வழக்கம். மீன் கடை போட்ட பிறகும் அந்தக் கை சும்மா இருக்குமா? ஒவ்வொரு மீனின் செவுளையும் தூக்கி ஒரு துடை துடைத்துத்தான் தராசில் போடுவாள். "மீனுக்கும் டெஸ்டா, அக்கா?" என்று கேலி செய்தவர்களெல்லாம் அவளிடமே வாங்கினார்கள்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு. மகள் சௌமியாவின் கல்யாணத் தேதியைக் குறிக்க மாப்பிள்ளையின் அப்பா குமாரசாமி மதியம் வருவதாக இருந்தது. ஊர் ஏரிக்கு மேல்புறம் இருக்கும் மூன்று சாயப்பட்டறைகளில் ஒன்று அவருடையது. ஏரி மீன் என்றால் மனிதருக்கு உயிர்.

காலையிலேயே கமலவேணியின் கணவர் கண்ணுசாமி கூடை நிறையக் கெண்டையோடு துள்ளிக்கொண்டு வந்தார்.

"ஏம்புள்ள, வலையே வேண்டியதில்ல! ராத்திரி மழைக்கு எல்லாம் மேல வந்து வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது. கையாலயே அள்ளிட்டேன்!"

கமலவேணி கூடையை இழுத்து வைத்து ஒரு செவுளைத் தூக்கினாள். சிவப்பாக இருக்க வேண்டியது வெளிறிக் கிடந்தது, மேலே கஞ்சி மாதிரி கோழை. துடைத்தாள். துணி நீலமானது. கூடை முழுக்க அதே கதைதான்.

"இது மூச்சு முட்டுன மீனுங்க. குழி வெட்டுங்க."

"அடக் கடவுளே! சம்மந்திக்கு எதைப் போடுவ?"

"முட்டையப் போடுறேன். நாமக்கல் சீமையில முட்டைக்கா பஞ்சம்?"

கண்ணுசாமி முணுமுணுத்துக்கொண்டே குழி வெட்டிக் கூடையைக் கவிழ்த்தார்.

மதியம் இலையில் முட்டைக் குழம்பைப் பார்த்ததும் குமாரசாமியின் முகம் சுருங்கியது. "ஏனுங்க, ஏரி மீனுன்னு சொன்னீங்களே?"

கமலவேணி மழுப்பவில்லை. துணியைக் கொண்டுவந்து விரித்தாள். "உங்களுக்குப் போட மனசு வரலீங்க. எந்தப் புண்ணியவானோ மழையோட மழையா சாயத்தண்ணியத் தொறந்து உட்டிருக்கான்."

குமாரசாமி துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தன் கையால் கலக்கிய நீலம் அவருக்குத் தெரியாதா? பிசைந்த சோறு இலையிலேயே கிடந்தது.

"நாந்தானுங்க அந்தப் புண்ணியவான்" என்றார்.

கதவோரம் நின்ற சௌமியாவின் கண் கலங்கிவிட்டது. கமலவேணி அதைப் பார்த்தாள். ஆனாலும் சொல்லிவிட்டாள்: "அப்ப தேதிய அப்புறம் பாக்கலாங்க. மொதல்ல துணியில நீலம் வராம இருக்கட்டும்."

எழுந்து போய்விடுவார் என்றே எல்லாரும் நினைத்தார்கள். அவரோ, "இன்னொரு முட்டை போடுங்க, ரோசனை பண்ணோணும்" என்றார்.

மறுநாளே ஏரிக்குப் போகும் குழாயைச் சிமெண்ட் வைத்து அடைத்தது வேறு யாருமில்லை, மாப்பிள்ளை குமரகுருதான். சாயத்தண்ணீர் டேங்கர் லாரியில் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போக ஆரம்பித்தது. கார்த்திகை மழையில் ஏரி நிரம்பிக் கோடி வழிந்து, பழைய சாயத்தண்ணீரையும் அடித்துக்கொண்டு போனது.

தையில் ஒரு ஞாயிறு, கடை முன்னால் அத்தனை பேர் நிற்க, குமாரசாமி உயிர்க்கெண்டை ஒன்றைத் தூக்கித் தன் புது வெள்ளை வேட்டி முனையாலேயே செவுளைத் துடைத்தார்.

"பாருங்க சம்மந்தி! நீலம் இருக்குதா?"

கமலவேணி மீனை வாங்கித் தன் துணியால் இன்னொரு முறை துடைத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகுதான் சிரித்தாள்.

"வைகாசியில வச்சுக்கலாங்க."